ஆனைன்னா அவளுக்கு ஆனைதான்

தினையை வறுக்கும்போது ஒரு கட்டத்தில் வாசனை மாறும், அதுவரை சூடேறிய தவிட்டின் வாசனையாக இருந்தது சட்டென்று இனிப்புப் பக்கம் சாய்ந்து, மூக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அந்த நேரம் பார்த்துச் சட்டியை இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் தவறினாலும் மாவு கசந்துபோகும். சென்னைக் கடைகளில் உறை போட்டு விற்கும் தினையில் இந்த மாற்றம் லேசில் தெரிவதில்லை, மங்கலாக ஏதோ ஒன்று வருகிறது, வந்ததும் அடுப்புக்கு மேலே சுழலும் விசிறி அதை வெளியே இழுத்துவிடுகிறது. அன்று மாலை மழைக்கு முந்தைய புழுக்கம், மின்சாரம் நின்று விசிறியும் நின்றுபோயிருந்தது, அந்த வாசனை வந்து வீடு முழுக்கத் தங்கியது, நான் சட்டியை இறக்கிவைத்தேன், மேசையில் விரித்துக் கிடந்த கதைக்குத் திரும்ப மனம் வராமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மேசையில் கிடந்தது ஒரு ஃபேன்டஸி காதல் கதை. புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கண்மாய், அதற்குள் கல்தூண் நட்ட குமிழி மடை, மடையைத் திறக்க மூச்சடக்கி அடித்தளம் வரை முங்கும் நீர்பாய்ச்சியின் மகள் ராக்கு, அந்தத் தண்ணீருக்குள் பல தலைமுறையாகக் காவல் இருக்கும் பெயரில்லாத ஒருவன், ஓர் அத்தியாயத்தை அவள் சொல்ல, அடுத்ததை அவன் சொல்ல, மாறி மாறிப் போகும் கதை. ராக்குவின் பக்கம் தானாக நடந்தது, அவளுடைய காய்த்த உள்ளங்கை, ஈரம் உலராத சீலை, அப்பனுக்குப் பிறகு மடையை யாரிடம் விடுவது என்று ஊர் கூடிப் பேசுகிற பேச்சு, எல்லாம் நான் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்தவை. அவன் பக்கத்துக்கு வந்தால்தான் யோசனை. அத்தனை காலம் நீருக்கடியில் இருந்தவன் ஒரு பெண்ணைக் கண்டால் முதலில் எதைக் காண்பான், அவனுக்கு என்ன வேண்டும், அவனுக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருப்பது எது, அவளுக்குத் தெரிந்து அவனால் ஒருபோதும் அறிய முடியாதது எது? இந்தக் கேள்விகளோடு இருந்தபோதுதான் தினை மணத்தது.

அப்பத்தா தினை வறுப்பது வெயில் சாய்ந்த பிறகு, விறகடுப்பில், மண்சட்டியில். எங்கள் ஊர் அடுப்படியில் ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள், அதன் வழியாக விழும் வெளிச்சம் புகையில் பட்டுச் சாய்ந்த தூணாக நிற்கும், அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் அப்பத்தா முகம் தெரியாமல் கைகள் மட்டும் தெரிய உட்கார்ந்து கிண்டிக்கொண்டிருப்பாள். வறுபட்டதா என்று கண்ணால் பார்க்கமாட்டாள், கண்ணை மூடி மோந்து பார்ப்பாள், அவளுக்கு அப்போதே இடது கண்ணில் திரை விழுந்திருந்தது, ஆனாலும் அவள் கண்ணை மூடியது அதனால் என்று எனக்குத் தோன்றியதில்லை. பிறகு உரலில் போட்டு இடிப்பாள், கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்ப்பாள், உருண்டை பிடித்து வெள்ளைத் துணியில் முடிவாள், யாருக்கு என்று கேட்டால் "வள்ளிக்கு" என்பாள். பங்குனியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டி, கடைசி நாள் இரவு நாடகம் வைப்பார்கள், எந்த வருடமும் அது வள்ளி திருமணம்தான், வேறு நாடகம் வைக்கலாமே என்று இளவட்டங்கள் பேசிப் பார்ப்பார்கள், மழை பெய்யாது என்று பெரியவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

திடலில் பொழுதோடு தண்ணீர் தெளித்திருப்பார்கள், ஈரமண் வாசனையோடு அவித்த கடலையும், மல்லிகையும், மண்ணெண்ணெயும் கலந்து ஒரு நெடி அடிக்கும், அந்த நெடிதான் எனக்கு இன்றுவரை இரவு என்ற சொல்லுக்குப் பொருள். கேஸ்லைட்டு இரண்டு மேடையின் இரு பக்கமும் சீறிக்கொண்டு தொங்கும், அதன் வெளிச்சம் நீலமும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் எல்லோர் முகத்தையும் ஒரே வயதாக ஆக்கிவிடும். நடுவில் ஒரு கயிறு, கயிற்றுக்குக் கிழக்கே ஆண்கள், மேற்கே பெண்கள். அய்யா, அதாவது தாத்தா, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தரையை மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார், தரையில் பாய் விரித்திருந்தாலும் தட்டுவார், உட்கார்ந்ததும் மட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஆர்மோனியக்காரர் முதல் சுருதியைப் பிடிக்கும்வரை உறிஞ்சாமல் காத்திருப்பார். அப்பத்தா கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்துவிடுவாள், சுருக்குப்பை தலைக்கு, தினைமாவு முடிச்சு வயிற்றோடு. "தர்க்கம் தொடங்குனா எழுப்பு ஆத்தா," என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். பபூன் வந்து ஊரையே சிரிக்கவைப்பான், டான்ஸ் வரும், நாரதர் வருவார், அத்தனை சத்தத்திலும் அவள் மூச்சு சீராகப் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். கம்பெனி நாடகம் போல ஒரே கொட்டகையில் கூடி வாழ்ந்து, ஒத்திகை பார்த்து நடிப்பது கிடையாது, ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்திருப்பார்கள், ஆளுக்கொரு பெட்டியோடு ஆளுக்கொரு பேருந்தில் வந்து இறங்குவார்கள், சில வேளை மேடை ஏறிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதைக்கு எலும்புக்கூடு சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்தது, 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த அவருடைய பாடல்கள் எல்லோருக்கும் பாடம், அதற்கு மேல் போடும் சதை அவரவர் கொண்டுவந்தது. தர்க்கம் என்ற கட்டம் முழுக்க இப்படித்தான், பரணில் நிற்கும் வள்ளி எந்தக் கேள்வியை வீசப்போகிறாள் என்று வேடன் வேடத்தில் வரும் முருகனுக்குத் தெரியாது, அவன் என்ன பாட்டைப் பதிலாக எடுப்பான் என்று அவளுக்குத் தெரியாது. வேடன் பதிலுக்குத் தடுமாறினால் பெண்கள் பக்கம் கைத்தட்டல் எழும், அவள் மடங்கினால் ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். ஒரு காதல் கதையின் இரண்டு பக்கத்தையும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேரிடம் கொடுத்து, ஊர் முன்னால் சேர்த்துவைத்து, விடிவதற்குள் முடித்துக்காட்டுங்கள் என்று விட்டுவிடுகிற ஏற்பாடு அது, அதைவிடத் துணிச்சலான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தர்க்கத்துக்குப் பிறகு கிழவர் வருவார். வேடன் வேடம் பலிக்காமல் முருகன் நரைத்த தாடியோடு தடி ஊன்றி வந்து, பசிக்கிறது என்பார், வள்ளி தேனும் தினைமாவும் கொடுப்பாள், அந்த நேரத்துக்குத்தான் அப்பத்தா முடிச்சை அவிழ்ப்பாள், மேடையில் கிழவர் வாயில் போடும்போது இவளும் ஒரு துணுக்கைக் கிள்ளி எனக்கு ஊட்டிவிட்டுத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். கிழவருக்கு விக்கல், தண்ணீர், பிறகு கல்யாணப் பேச்சு, வள்ளியின் கோபம், அண்ணன் விநாயகன் யானையாக வந்து பிளிற அவள் அலறிப் போய்க் கிழவரையே கட்டிக்கொள்வது. கூட்டம் அந்த இடத்தில் சிரிக்கும். சாக்குத் துணியில் தும்பிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு ஒருவர் வருவதைப் பார்த்தால் சிரிப்பு வராமல் இருக்காது, நானும் சிரித்தேன், திரும்பினால் அப்பத்தா சிரிக்காமல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஊரே தூங்கும், எங்கள் வீட்டுத் திண்ணை மட்டும் விழித்திருக்கும். அப்பத்தா சின்ன இரும்பு உரலில் வெற்றிலையை இடித்துக்கொண்டே, பல் இல்லாத வாயால் ராத்திரிக் கதையைத் திரும்பச் சொல்வாள், அவள் சொல்லும் கதையில் முருகன் அனேகமாக வரமாட்டார், காட்டில் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பிள்ளையை வேடர் தலைவன் நம்பிராசன் பெண்டாட்டி எப்படி வளர்த்திருப்பாள், பரண்மேல் தனியாக நின்று ஆலோலம் பாடிக் கிளி ஓட்டும் பிள்ளைக்கு வெயில் எப்படி அடித்திருக்கும், கவண் சுற்றிச் சுற்றித் தோள் எப்படி வலித்திருக்கும், இதுதான் அவள் கதை. யானை வந்த இடத்துக்கு வந்ததும் உலக்கையை நிறுத்திவிடுவாள். "அண்ணனும் தம்பியும் பேசிவச்சுக்கிட்டு வந்தானுங்க, அது அவனுங்களுக்கு வெளாட்டு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? கொல்லையக் காக்குறவ, ராவுல ஆனை எறங்குனா என்ன ஆகும்னு அவளுக்குத்தான் தெரியும். ஆனைன்னா அவளுக்கு ஆனைதான்." அவ்வளவுதான் சொல்வாள், திரும்ப இடிக்கத் தொடங்கிவிடுவாள்.

தூணில் சாய்ந்திருக்கும் அய்யா இதற்குப் பதில் சொல்லமாட்டார், நெடுநேரம் கழித்து, அவள் எழுந்து உள்ளே போன பிறகு, என்னிடம் மட்டும் வேங்கை மரத்தைப் பற்றிச் சொல்வார். வேடனாக வந்து வள்ளியோடு பேசிக்கொண்டிருக்கும்போது நம்பிராசன் ஆட்களோடு வந்துவிட, முருகன் வேங்கை மரமாகி நிற்கிறார், நேற்றுவரை இல்லாத மரம் இன்று எப்படி முளைத்தது, வெட்டிச் சாய்ப்போம் என்று வேடர்கள் கிளம்புகிறார்கள். "கையில வேலு இருக்கு, சூரனையே கொன்ன வேலு, அதை எடுக்க முடியுமா? மரத்துக்கு ஏது கை? அந்தப் பொண்ணு என்ன சொல்லப்போறாளோன்னு நிக்கணும்," என்பார். வள்ளி ஏதும் அறியாதவள் போலச் சொல்வதையும், நிழலுக்கு இருக்கட்டும் என்று நம்பி விட்டுவிட்டுப் போவதையும் அவர் ரொம்ப மெதுவாகச் சொல்வார், சொல்லிவிட்டு, முந்தின இரவு உறிஞ்ச மறந்த பொடியை விரலில் தேடுவதுபோல் விரல்களை உரசிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் அறுபது வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர், ஒரே நாடகத்தை ஒரே இரவில் பார்த்துவிட்டு, ஒருத்தி யானையையும் ஒருவர் மரத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அதைப் பற்றித் தங்களுக்குள் அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் ஆரம்பத்தில் வேடம் கட்டியவர், யமனாகவும் சனீசுவரனாகவும் அவர் வந்து நின்றால் கூட்டம் நடுங்கும், ஒருமுறை அவருடைய யமனைக் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துபோக, அதற்குப் பிறகு அரிதாரத்தை விட்டு எழுத்தோடும் ஆசிரியப் பணியோடும் நின்றுகொண்டார் என்று அவர் கதையைச் சொல்பவர்கள் சொல்கிறார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தானே பூசிக்கொண்ட வேடம் அவருக்கு, எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கோ வந்து நின்றது யமன். அப்பத்தா இதைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை, கேட்டிருந்தால் அதிசயப்பட்டிருக்கவும் மாட்டாள்.

அய்யாவிடம் ஒரு கிராமபோன் இருந்தது, வாங்கியவர் அவருடைய சிற்றப்பா, ஊசி தேய்ந்து எனக்குத் தெரிந்த காலத்தில் அது பாடியதைவிடக் கரகரத்ததே அதிகம். நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்றைச் சாக்குத் துணியில் சுற்றி நெல்பானைக்குப் பின்னால் வைத்திருந்தார், மழைக்காலத்தில் எடுத்துத் துடைத்து, போடாமலே திரும்ப வைப்பார். செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் எதிரெதிர் நின்று பாடியதைப் பார்த்தவர்கள் அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் இருந்தார்களாம், அவர்கள் சொல்லக் கேட்டதைத் தான் பார்த்ததுபோலவே சொல்வார். 1927இல் கல்யாணம், 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார், முப்பது வயதுகூட நிறையவில்லை, அந்த அம்மா வெள்ளைச் சீலைக்கு மாறிவிட்டார், இரண்டு வருடம் கழித்து சினிமாவுக்கு வந்தபோதும் நந்தனாராக ஆண் வேடத்தில் வந்தார். மறைந்தது 1980இல். மாறி மாறிப் பாடிய இருவரில் ஒருவர் குரல் நின்ற பிறகு நாற்பத்தேழு வருடம் மற்றவர் தனியாகச் சொன்ன கதை அது, எந்த நாவலாசிரியரும் இரண்டு பக்கத்தை இவ்வளவு கொடூரமான அளவில் பிரித்து எழுதத் துணியமாட்டார்.

திருச்சியில் கல்லூரியில் படித்தபோது எங்களுக்குக் குறுந்தொகை எடுத்தவர் ஓய்வுக்கு முந்தைய வருடத்தில் இருந்த வயதான ஆசிரியர், மதிய வகுப்பு, ஜன்னலுக்கு வெளியே புளியமரம், அதன் நிழல் பூப்பூவாகப் பலகைமேல் ஆடும். உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையின் அட்டை கிழிந்த பிரதி ஒன்றை அவர் வைத்திருந்தார், பழுத்த தாளும் திருநீறும் கலந்த வாசனை அதில் வரும், பாட்டுக்குள் போகுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "இது யார் கூற்று?" என்று கேட்பார், கேட்டுவிட்டுக் கண்ணாடி இல்லாத கண்ணோடு எங்கள் எல்லோரையும் பார்ப்பார். தலைவி கூற்றா, தோழி கூற்றா, தலைவன் கூற்றா, அதைச் சொல்லாமல் பாட்டைத் தொடவிடமாட்டார். எழுதிய புலவன் ஒருவன், பேசுகிறவள் வேறொருத்தி, கேட்பவளோ இன்னொருத்தி, சில வேளை வேலிக்கு அந்தப் பக்கம் அவனும் நின்று கேட்டுக்கொண்டிருப்பான், இத்தனையும் நாலு முதல் எட்டு அடிக்குள். அகப்பாட்டில் காதலர்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு, பெயர் இல்லாததால் யார் பேசுகிறார்கள் என்பதை அந்தப் பேச்சே காட்டிக்கொடுத்தாக வேண்டும்.

அவர் எடுத்த வெறியாட்டுப் பாட்டுகள் எனக்கு இன்னும் நிற்கின்றன. பெண் மெலிகிறாள், தாய்க்குக் காரணம் தெரியவில்லை, முருகன் அணங்கியிருப்பான் என்று வேலன் என்னும் பூசாரியை அழைத்து, ஆட்டை அறுத்து, களம் இழைத்து வெறியாட வைக்கிறாள். மகளுக்குத் தெரியும், இது எந்தச் சாமியும் இல்லை, மலைநாட்டிலிருந்து வந்து போகும் ஒருவன். தாய் கண்ணில் அற்புதம், மகள் கண்ணில் ஆள். வகுப்பு முடிந்து புளியமரத்தடியில் நடந்தபோதுதான் எனக்கு அப்பத்தாவின் கதை இதற்கு நேர்த் தலைகீழ் என்று பட்டது, வள்ளி ஆள் என்று நினைத்தாள், வந்தது சாமி. கச்சியப்பர் இந்த இரண்டையும் அறிந்தே கந்தபுராணத்தின் கடைசியில் வள்ளியம்மை திருமணப் படலத்தை வைத்தார் என்று நம்புகிறேன், அதிலும் வள்ளி மெலிகிறாள், அவளுக்கும் வெறியாட்டு எடுக்கிறார்கள், மற்றப் பெண்களுக்குத் தாய்மார் தவறாக எடுத்த வெறியாட்டு வள்ளி ஒருத்திக்கு மட்டும் உண்மையாகிவிடுகிறது.

வேலைக்குப் போன பிறகு ஒருமுறை வள்ளிமலைக்குப் போனேன், காட்பாடிக்கு வடக்கே, வெக்கையான நாள், பாறையில் வெட்டிய படிகள் பாதத்தைச் சுட்டன. வழியில் ஒருபுறம் கங்க மன்னன் காலத்துச் சமணச் சிற்பங்கள், யார் காதலிலும் அக்கறை இல்லாமல் அமர்ந்திருந்தார்கள். மேலே குடைந்த கோயிலுக்குள் எண்ணெயும் வௌவாலும் குளிர்ந்த கல்லும் கலந்த வாசனை. வெயிலே படாத சுனை ஒன்றைக் காட்டினார்கள், விக்கல் எடுத்த கிழவருக்கு வள்ளி தண்ணீர் மொண்டது அதில்தான் என்றார்கள், குனிந்து பார்த்தேன், கறுப்பாக அசையாமல் கிடந்தது. படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, நான் கேட்காமலே எதிர்க் குன்றைக் கையால் காட்டி, ஆனை அங்கே நின்றது என்றாள், முருகன் நின்ற இடத்தைச் சொல்லவில்லை. இலங்கையில் கதிர்காமத்தில் ஆடி விழா நாட்களில் ஒவ்வொரு இரவும் ஊர்வலம் முருகன் கோயிலிலிருந்து வள்ளி கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது, சாமியின் பேழையை யானை சுமந்து போகிறது, எந்த யானையைக் காட்டி அவளை மிரட்டினாரோ அதன்மேல் ஏறி அவள் வாசலுக்கு வருடந்தோறும் அவரே போகிறார். வேடுவர் வழி வந்தவர்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லும் காடு அது.

இப்போது எங்கள் ஊர்த் திடலில் பாதி இடம் சமுதாயக் கூடமாகிவிட்டது, நாடகம் இன்னமும் நடக்கிறது, கேஸ்லைட்டு போய் வெள்ளை விளக்குகள் வந்துவிட்டன, ஒலிபெருக்கி வைத்த பிறகு வள்ளியின் குரல் மேடையிலிருந்து வருகிறதா தெருமுனையிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடிவதில்லை, கூட்டம் பபூனோடு கலைந்துவிடுகிறது. கதைகள் கைபேசிக்குள் வந்துவிட்டன. அண்ணன் மகள் எனக்கு அனுப்பும் தொடர்களில் மாறி மாறிச் சொல்லும் மாயக் காதல் நிறைய, ஆவி, யட்சன், நாகம், ஓநாய், எல்லோரும் இருக்கிறார்கள், எழுதுகிற பிள்ளைகளுக்கு ஆசையும் உழைப்பும் குறைவில்லை. ஆனால் அவள் சொன்ன முத்தத்தையே அடுத்த அத்தியாயத்தில் அவனும் சொல்கிறான், அவள் நெஞ்சு படபடத்தால் அவன் நெஞ்சும் படபடக்கிறது, தலைப்பில் பெயரை மறைத்துவிட்டால் யட்சன் பேசுகிறானா வங்கியில் வேலை பார்க்கும் பெண் பேசுகிறாளா என்று தெரியாது. இது யார் கூற்று என்று அந்த ஆசிரியர் கேட்டிருந்தால் வகுப்பு அங்கேயே நின்றிருக்கும்.

அண்ணன் மகளே தந்த ஆங்கில நாவல்களில் ஒன்று மனதில் நின்றது, ஆட்ரி நிஃபெனெக்கர் 2003இல் எழுதிய த டைம் டிராவலர்ஸ் வைஃப். தன்னை அறியாமல் காலத்துக்குள் நழுவிப்போகிறவன் ஹென்றி, அவன் மனைவி கிளேர், இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள், ஒவ்வொரு பகுதியின் தலையிலும் தேதியும் இருவர் வயதும் இருக்கும். கிளேர் அவனை முதலில் பார்க்கும்போது அவளுக்கு ஆறு வயது, அவனுக்கு முப்பத்தாறு. ஹென்றி அவளை முதலில் பார்ப்பதோ 1991இல், சிகாகோ நூலகத்தில், அவனுக்கு இருபத்தெட்டு, அவளுக்கு இருபது, அவளுக்குப் பதினான்கு வருடமாகத் தெரிந்த முகம் அது, அவனுக்கோ அவள் யாரோ ஒருத்தி. அந்தச் சந்திப்பை அவன் சொல்வது ஒன்று, அவள் சொல்வது ஒன்று, இரண்டும் ஒன்றை ஒன்று திரும்பச் சொல்லவில்லை. மேகி ஸ்டீஃப்வாட்டரின் ஷிவர், 2009இல் வந்தது, அதில் குளிர் தாக்கினால் பையன் ஓநாயாகிவிடுவான், அத்தியாயத்துக்கு அத்தியாயம் தலையில் வெப்பநிலையைப் போட்டிருப்பார், அந்த எண் இறங்கும்போது அவளுக்கு அது பிரிவு, அவனுக்கு உடம்பே மாறுவது. நல்ல கதைகள் எந்த ஊரில் எழுதப்பட்டாலும் அப்பத்தா சொன்னதைத்தான் செய்கின்றன, மாயத்தை இரண்டு பக்கத்திலும் ஒரே எடையில் வைப்பதில்லை.

மின்சாரம் வந்தபோது தினை ஆறியிருந்தது. மிக்ஸியில் அரைத்தேன், உரலில் இடித்ததுபோல் வராது, சூடேறி மாவு களைத்துப்போகிறது, இருந்தாலும் ஓர் உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். நீருக்குள் இருப்பவன் ராக்குவின் கண்ணையும் கூந்தலையும் பார்ப்பதாக இருந்த வரிகளை எடுத்துவிட்டேன், அவனுக்கு வெளிச்சமே பழக்கமில்லை, அவனுக்குத் தெரிந்தது பாரமும் தண்மையும், குமிழியின் கல்லை அவள் கை தொடும்போது கண்மாய் முழுக்க நீர் ஒரு நூலளவு நகர்வது, அவள் மூச்சு தீரத்தீர அவள் உடம்பு லேசாவது. அவள் சாகக்கூடியவள் என்பதைக்கூட அவன் அப்படித்தான் கண்டுகொள்கிறான், அதற்குமுன் மரணம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் அவள் காலைப் பிடிக்கும் இடம் இரண்டு அத்தியாயத்திலும் வருவதாக இருந்தது, இப்போது அது அவள் வாயால் மட்டும் வரும், அவள் அதை யாரோ கொல்ல வருவதாகத்தான் அறிகிறாள், அவன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அடைப்பை எடுத்துவிட்டு மேலே வந்த ராக்குவிடம், உள்ளே என்ன கண்டாய் என்று ஊர் கேட்கும்போது, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கும் இடம் அவனுக்கு, கண்மாய்க்கே காவலாக இருந்தும் அந்த நேரத்தில் அவனால் ஒரு சொல் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது அய்யா விரல்களை உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

இரண்டு பேர் மாறி மாறிச் சொல்லும் மாயக் காதலை எழுத ஆசைப்படும் இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி சித்திரைத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றைக்கும் நடக்கிறது, சீட்டு எடுக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஒருமுறை போய்ப் பாருங்கள், முடிந்தால் பக்கத்தில் ஒரு கிழவியும் ஒரு கிழவரும் இருக்குமாறு பார்த்து உட்காருங்கள், மறுநாள் காலையில் இருவரிடமும் தனித்தனியாகக் கதை கேளுங்கள். பபூன் முடிந்ததும் எழுந்து வந்துவிட வேண்டாம், தர்க்கம் தொடங்க நடுநிசி தாண்டிவிடும்.